சத்திரத்துச் சுவருக்கு நான் அடிக்க வைத்த வெள்ளை

போன வருடம் ஆவணி மாதம், சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பழைய சத்திரத்தில் நடந்தது இது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். வீடு குறிஞ்சிப்பாடி. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே கடலூர், சாயங்காலம் நின்றுகொண்டே குறிஞ்சிப்பாடி என்று இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு முட்டியும் தேய்ந்ததுதான் மிச்சம். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒன்று உண்டு. யாராவது மாற்றலாகிப் போனால், அவர் பார்த்த வேலையை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிடுவார்கள். அப்படி என் தலையில் கட்டியதுதான் இந்தச் சத்திரம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கட்டியது. அந்தக் காலத்தில் ஆனித் திருமஞ்சனம் பார்க்கத் தோணியில் பரங்கிப்பேட்டையில் வந்து இறங்கி, மாட்டு வண்டி பிடித்து சிதம்பரம் வருகிறவர்கள் தங்குவதற்காகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது யாரும் தங்குவதில்லை. பூட்டும் சாவியும் ஒரு கோப்பும் இருந்தன. மூன்றுக்கும் பொறுப்பு நான்தான்.

ஒரு வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அண்டை நாடுகள் சேர்ந்து, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மலைக்கு அப்பாலும் கிடக்கிற பழைய கட்டடங்களையும் சுவர்களையும் காப்பாற்ற ஒரு திட்டம் போட்டிருக்கிறார்களாம். அதில் இருக்கிற இரண்டு பேர் அடுத்த புதன்கிழமை சத்திரத்துக்கு வருகிறார்கள், ஒத்துழைப்பு தரவும் என்று இருந்தது. நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். முதல் பக்கத்தில் வருகிறவர்கள் விவரம், கார், சாப்பாடு எல்லாம் இருந்தது. நான் அந்த ஒரு பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். மற்ற மூன்று பக்கத்தையும் புரட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு என் மேஜையில் அந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பதினொரு கடிதம் கிடந்தது.

மேலிருந்து ஆள் வருகிறது என்றால் நாங்கள் செய்வது என்ன என்று உங்களுக்கே தெரியும். வாசலில் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவோம். சுவருக்கு வெள்ளையடிப்போம். கலெக்டர் வந்தாலும் அதுதான், கணக்குத் தணிக்கைக்காரர் வந்தாலும் அதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் விடுவோமா? எங்கள் அதிகாரியும் போனில், "பளிச்சுன்னு இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டார். வழக்கமாக எங்களுக்கு வேலை பார்க்கும் மேஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னேன். என் வயதுதான் இருக்கும். புவனகிரிக்காரர். அதிகம் பேசமாட்டார்.

வெளிச்சுவரை முடித்துவிட்டு உள்கூடத்துக்கு வந்தவர், வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இந்தச் சுவத்துல காவியில என்னமோ எழுதியிருக்குது. வரிசையா இருக்குதே. அடிச்சிடலாமா?"

நான் எட்டிப் பார்த்தேன். புகையும் ஒட்டடையும் படிந்து, பாதி தெரிந்தும் தெரியாமலும் வரிவரியாக ஏதோ இருந்தது. காலி கட்டடத்துச் சுவரில் கண்டவன் கிறுக்குவது நம் ஊரில் புதிதா? "எவனோ கிறுக்கி வச்சிருக்கான். ரெண்டு கோட்டா அடிங்க, தெரியக் கூடாது" என்றேன். வஜ்ரமும் கலக்கச் சொன்னேன். வஜ்ரம் என்பது வெள்ளையடிப்பவர்கள் காய்ச்சிச் சுண்ணாம்பில் சேர்க்கும் பசை. அது இல்லாவிட்டால் சுவரில் சாய்கிறவர்கள் முதுகெல்லாம் வெள்ளையாகிவிடும். ஒருமுறை ஒரு அதிகாரியின் கறுப்புக் கோட்டு அப்படி ஆகி, நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் வஜ்ரத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே போடச் சொன்னேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். இன்னொருவர் நேபாளத்துக்காரர். பூகம்பத்தில் இடிந்த கோயில்களின் சுவர்ச் சித்திரங்களை மீட்டெடுத்த அனுபவம் உள்ளவராம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அந்தப் பெண்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னார். எங்கள் அதிகாரி சால்வை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, ஜீப் ஏறிவிட்டார்.

அந்தப் பெண் உள்கூடத்துக்குள் இரண்டடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நீலம் கலந்த வெள்ளையில் சுவர் கண்ணைக் கூச வைத்தது.

"அக்கா, இந்தச் சுவரிலை எழுத்து இருந்தது எல்லோ? எங்கை?"

அவர் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். எப்போதோ வந்த யாரோ போனில் எடுத்த படம். மங்கலாகச் சுவரின் ஒரு கீழ்மூலை மட்டும் தெரிந்தது. அதில் நான் பார்த்த அதே காவி வரிகள்.

அவர் கத்தவில்லை. நின்ற இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னார். "எங்கட பக்கத்திலை இதுக்குச் சோடியா ஒரு மடம் இருந்தது. தோணி ஏற முந்தி அங்கை சுவரிலை பேர் எழுதுவினம். இஞ்சை சுகமா வந்து சேர்ந்தாப் பிறகு இந்தச் சுவரிலை எழுதுவினம். அங்கத்தைய மடம் சண்டையிலை தரைமட்டமாப் போச்சுது. இப்ப திருப்பிக் கட்டுகினம். இஞ்சை இருக்கிற பேரைப் பாத்துத்தான் அங்கை எழுத வேணும். வேறை எங்கையும் இல்லை அக்கா, இது ஒண்டுதான்."

பிறகு, "உள்சுவரைத் தொட வேண்டாம் எண்டு கடிதத்திலை எழுதினனாங்கள். மூண்டாம் பக்கத்திலை இருக்கு" என்றார்.

மூன்றாம் பக்கம். நான் புரட்டிய பக்கம்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. "நான் வெளிச்சுவர் மட்டும்னுதான் சொன்னேங்க. மேஸ்திரி உள்ளயும் அடிச்சுட்டாரு" என்றேன். வாய் தானாகப் பேசியது. நேபாளத்துக்காரர் சுவரை விரலால் தடவிப் பார்த்து, சுண்ணாம்பில் வேறு ஏதாவது கலந்ததா என்று கேட்டதாக அந்தப் பெண் சொன்னார். "ஒண்ணும் கலக்கல. வெறும் சுண்ணாம்புதான்" என்று அதையும் சொல்லிவிட்டேன். பசை போட்டது தெரிந்தால் தப்பு இன்னும் பெரிதாகிவிடும் என்று பயம். வெறும் சுண்ணாம்பு என்றால், ஏதோ தெரியாமல் பூசிவிட்டார்கள் என்று போய்விடும் என்று ஒரு கணக்கு. இருபத்தாறு வருடத்தில் விளக்கக் கடிதம் எழுதி எழுதிப் பழகிய புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

நேபாளத்துக்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வெறும் சுண்ணாம்பென்றால், அதுவும் மூன்று நாள்தான் ஆகிறதென்றால், கீழே இருக்கும் வழவழப்பான பழைய மெருகுச் சுவரில் அழுத்தமாகப் பிடித்திருக்காது, காய்ந்தபடியே மெல்லிய கத்தியால் செதில் செதிலாக எடுத்துவிடலாம் என்றார். ஒரு மூலையில் கையகல இடத்தில் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, சாமான்களை எடுக்கப் போனார்கள்.

நான் பின்கட்டுக்கு வந்தேன். அங்கே மேஸ்திரி தன் டிரம்மையும் மட்டைகளையும் எடுத்துப் போக வந்திருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் மேல சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் மேடம்" என்றார். "வஜ்ரம் போட்டத மட்டும் சொல்லிடுங்க. அது தெரியாம அவுங்க சுரண்டினாங்கன்னா, எழுத்தும் கூடவே வந்துடும்."

"சொல்றேன், சொல்றேன். ஒரு வாய் சாப்ட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

உடனே போயிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் இப்போதுதான் சொன்ன பொய்யை இப்போதே மாற்றிச் சொல்ல முகம் இல்லை. அதற்குமேல் ஒரு பெரிய அசதி. காலை ஐந்து மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்து, சால்வை வாங்கி, பூ வாங்கி, கார் நிற்க இடம் பிடித்து, எல்லாம் எதற்கு என்று இருந்தது. கிணற்றுப் பக்கம் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதத்தைத் திறந்தேன். நன்றாக நினைவிருக்கிறது, முழுதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தேன். அரைமணி நேரம் இருக்கும். மேஸ்திரி டிரம்மைக் கழுவாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே போனபோது இரண்டு பேரும் சுவரின் மேல்மூலைக்குக் கீழே ஸ்டூலில் நின்றிருந்தார்கள். நேபாளத்துக்காரர் கத்தியின் மேல் ஒரு செதிலைத் தாங்கிப் பிடித்திருந்தார். முன்பக்கம் வெள்ளை. அவர் அதை மெதுவாகத் திருப்பினார். பின்பக்கத்தில் காவி எழுத்து, இடவலம் மாறி, சுவரிலிருந்து பெயர்ந்து வந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்த இடத்தில் சுவர் வெறுமையாக இருந்தது. அதற்கு முன் எடுத்த செதில்கள் கீழே ஒரு துணியில் பொடியாகக் கிடந்தன. அவற்றில் இனி ஒன்றையும் படிக்க முடியாது.

அந்தப் பெண் சுவரைத் தொடாமல் சுவருக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து போயிருந்தது.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னேன். அதைப் பெரிய துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பொய்யை இன்னும் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். "நான்தாங்க அடிக்கச் சொன்னேன். மேஸ்திரி எழுத்து இருக்குதுன்னு சொன்னாரு, நான்தான் கிறுக்கல்னு சொன்னேன். வஜ்ரம் கலந்திருக்குது. நான்தான் ஜாஸ்தியா போடச் சொன்னேன்" என்றேன். உட்காரச் சொல்ல யாரும் இல்லை.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. நேபாளத்துக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கத்தியைக் கீழே வைத்தார். என் மேல் கோபப்படவில்லை. என்ன பசை, எவ்வளவு, எதற்கு இளகும் என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூட்டை மூட்டையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே தவிர, அது என்ன பொருள் என்றுகூட ஒருநாளும் கேட்டதில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தே பேசினார். "மாட்டுத்தோல், எலும்புல காய்ச்சற பசைங்க. மட்ட காஞ்சு போச்சின்னா பச்சத்தண்ணிக்கு அசையாது. வெதவெதன்னு தண்ணி ஊத்தினா எளகிடும். கொதிக்கக் கூடாது. அதே மாரி இங்கயும் வெதவெதன்னு ஒத்தடம் குடுத்தா மேல இருக்கறது தனியா வந்துடும். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும்."

அந்தப் பெண் சொல்லச் சொல்ல நேபாளத்துக்காரர் தலையாட்டினார். பெட்டியைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். அவர் ஊரில் மலைச்செடியின் பட்டையில் செய்யும் காகிதமாம். தண்ணீரில் நனைத்தாலும் கிழியவில்லை, துணிபோலச் சுவரோடு படிந்துகொண்டது. அதற்கு மேல் வெதுவெதுப்பான பஞ்சை வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, காகிதத்தோடு சேர்த்து மெல்ல உரித்தால் வெள்ளை அதோடு வந்தது. அடியில் காவி அப்படியே இருந்தது. முதல் துண்டு உரிந்ததும் நேபாளத்துக்காரர் மேஸ்திரியின் தோளைத் தட்டினார். மேஸ்திரி கூச்சத்தோடு தள்ளி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு வரை தினமும் போனேன். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். என் வேலை தண்ணீர் காய்ச்சுவது. பக்கத்து டீக்கடையில் அடுப்பு கேட்டு வாங்கி, கைபொறுக்கும் சூடு பார்த்து, பாத்திரத்தைத் தூக்கி வந்து கொடுக்க வேண்டும். ஆறினால் திரும்ப ஓட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எண்ணவில்லை. வியாழக்கிழமையே முட்டி வீங்கிவிட்டது. அன்று மேஸ்திரி பக்கத்தில் வந்து பாத்திரத்தை வாங்கியபோது, "உங்க மேல பழியப் போட்டுட்டேன் மேஸ்திரி. மன்னிச்சுக்குங்க" என்றேன். "அத்த உடுங்க மேடம், தண்ணி ஆறிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்தப் பெண் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டார். பருத்தித்துறை, இன்னார் குடும்பம், ஆறு பேர். ஊர்காவற்துறை, தாயும் மூன்று பிள்ளைகளும். ஒரு வரியில், காற்றில்லாமல் தோணி கடலில் இரண்டு நாள் கிடந்ததாகவும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நின்றதாகவும் எழுதியிருந்தது. இன்னொன்றில், சேர்ந்துவிட்டோம், தேட வேண்டாம் என்று மட்டும் இருந்தது. யார் தேடினார்களோ! இவ்வளவையும்தான் நான் கிறுக்கல் என்று சொன்னேன். ஒரு கட்டத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாமல் தண்ணீர் பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஞாயிறு மதியம் மேல்மூலைக்கு வந்தார்கள். சோதனை செய்த இடம். உள்ளங்கை அகலம் போனது போனதுதான். அதற்குப் பக்கத்தில் இருந்த வரி முழுசாக வந்தது. அந்தப் பெண் படித்தார்.

"...மகள் மட்டும் இவ்வூரில் நின்றுகொண்டாள். நாங்கள் திரும்பிப் போகிறோம். அவளைக் கேட்டு வருகிறவர்களுக்காக எழுதி வைத்தோம்."

யாருடைய மகள் என்பது அந்த உள்ளங்கை அகலத்தில் இருந்திருக்கிறது. மங்கல் படத்திலும் அந்த மூலை வரவில்லை. துணியில் கிடந்த பொடியை நேபாளத்துக்காரர் பூதக்கண்ணாடி வைத்து ஒருமணி நேரம் பார்த்தார். பிறகு துணியை மடித்து, ஒரு டப்பாவில் வைத்து மூடினார்.

கிளம்பும்போது அந்தப் பெண் தானாகவே வந்து என் கையைப் பிடித்தார். "அக்கா, எனக்குக் கோவம் இருக்கு. இல்லையெண்டு பொய் சொல்ல மாட்டன். ஆனா நீங்கள் பின்னேரம் வரைக்கும் சொல்லாம விட்டிருந்தியள் எண்டால் சுவர் முழுக்கப் போயிருக்கும். அதையும் யோசிக்கிறன்" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதும்போது வழக்கமான வாசகங்களைத் தேடாமல் நடந்ததை அப்படியே எழுதினேன். ஒன்றும் பெரிதாக ஆகவில்லை, கோப்பு எங்கேயோ படுத்திருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் மடத்தைக் கட்டி முடித்து, சுவரில் பெயர்களை எழுதி, படம் அனுப்பியிருந்தார்கள். வரிசையாக எழுதி, மேல்மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெறுமையாக விட்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்; அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் படிக்கிறேன். சிதம்பரம் கடைவீதியில் எதிரே வருகிற பெண்களைப் பார்க்கும்போது, இவர்களில் யாரோ ஒருத்தி அந்த மகளின் பேத்தியாக, கொள்ளுப்பேத்தியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவளுக்கென்று எழுதி வைத்திருந்த ஒரு பெயரை நான் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும்.